‘தெளகிதிரன்’ என்று ஒரு பெயர் கொங்கில் உண்டா? தாது வருஷத்துப் பெரியவரின் தகப்பனாரைத் தேடி

காங்கேயத்தான்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாருடைய (அப்பாவைப் பெற்றவருடைய) தகப்பனாரைப் பெற்றவர் யார் என்பதைப் பதினோரு ஆண்டுகளாகத் தேடி வருகிறேன். இன்றும் ஊரில் வாழும் குடும்பங்களைப் பற்றியது என்பதால் இங்கே யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. தேடப்படுகிறவரைப் ‘பெரியவர்’ என்றும், அவருக்குக் காடு எழுதிக்கொடுத்தவரை ‘நிலக்காரர்’ என்றும் குறிப்பிடுகிறேன்.

எங்கள் ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே, அந்தக் காலத்துத் தாராபுரம் தாலுக்காவில் இருந்தது. பெரியவர் தாது வருஷப் (1876–77) பஞ்சத்தில் சிறு பிள்ளையாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் என்றும், நாதியில்லாத பிள்ளையென்று நிலக்காரர் தம் பண்ணையத்தில் வைத்துக்கொண்டார் என்றும், வளர்ந்தபின் உழைப்புக்கு மனமிரங்கி நாலு வள்ளம் (எங்கள் பக்கத்து நில அளவு) காடு எழுதிவைத்தார் என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். என் தகப்பனார் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும். வந்தேறிப் பிள்ளை, இரந்து பெற்ற காடு என்கிற எண்ணம் நான்கு தலைமுறையாக எங்களை விட்டு அகலவில்லை.

பெரியவரைப் பெற்ற ஆத்தாளின் பெயர் மட்டும் தெரியும், ஏனென்றால் அப்பாரின் அக்காவுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். தகப்பனார் பெயரை யாரும் சொன்னதில்லை. வீட்டுத் தகரப் பெட்டியில் கிடைத்த பத்திரங்களில் மிகப் பழையது, 1890களின் நடுவில் நிலக்காரர் பெரியவருக்கு எழுதிக்கொடுத்தது. விக்டோரியா ராணியின் தலை அச்சிட்ட முத்திரைத்தாள், நான்காக மடித்து மடித்து மடிப்போரங்கள் இற்றுவிட்டன, யாரோ அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டியதில் இரண்டு வரிகள் பழுப்பேறி மறைந்துவிட்டன. அதில் பெரியவரைக் குறிக்கும் இடத்தில் முதலில் ‘நமது’ என்றும், பிறகு ‘தெளகிததிரன’ என்றும், அதன்பின் பெரியவர் பெயரும் இருக்கின்றன. நான் அதைத் தெளகிதிரன் என்று படித்து, அதுவே பெரியவரின் தகப்பனார் பெயர் என்று கொண்டேன். ஏகாரமாக இருக்கலாம் என்று எண்ணித் தேளகிதிரன் என்றும் தேடினேன். தாலுக்கா அலுவலகத்துப் பழைய நிலப் பதிவேடுகளிலோ, கோயில் திருப்பணிக் கல்வெட்டுகளிலோ அப்படி ஒரு பெயர் இல்லை. இந்தப் பெயரை யாரேனும் கேட்டதுண்டா?

பழைய பத்திரம்:

ஈரோட்டில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்கிற உரிமையில் மூன்று கேள்விகள் கேட்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பின் ‘குமாரன்’ அல்லது ‘மகன்’ என்ற சொல் உண்டா? பத்திரம் முழுவதிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறார்களா? பத்திரத்தின் கடைசிப் பகுதியில் ‘புத்திர பவுத்திர பாரம்பரியமாய்’ என்று தொடங்கும் வரி வருமல்லவா, அந்த இடத்தில் ‘ததிர’ என்ற எழுத்துச் சேர்க்கையை எழுதியவர் எப்படி எழுதியிருக்கிறார்?

பதில் வரும் வரை அந்த ஒட்டுநாடாவைப் பிரிக்க முயல வேண்டாம், எழுத்தோடு உரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் உறையிட்டு அழுத்தவும் வேண்டாம். மடிப்பை நீக்கித் தட்டையாக வைத்து, வெயில் படாத வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு படத்தைப் பார்த்தே படியுங்கள்.

கண்டிச்சீமை:

நாங்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்து கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்கள், ஆகையால் என் எண்ணம் அந்தப் பக்கமே போகிறது. 1876இல் மழை பொய்த்துச் சேலமும் கோயம்புத்தூரும் கருகிக் கிடந்தபோது, தகப்பன் கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பாமல், தாயும் பிள்ளையும் வழியில் நின்றுபோன குடும்பங்கள் ஏராளம். அந்நாளில் அங்கே தேயிலை இன்னும் பெருகவில்லை, காப்பித் தோட்டங்களுக்குத்தான் கங்காணிமார் ஆள் திரட்டினார்கள்.

கங்காணியோடு போனவர்களுக்கு ஆள்வாரியான கப்பல் பதிவேடு கிடையாது. கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்து, தோணியேறி, அக்கரையில் மறுபடியும் காட்டு வழியே நடந்தார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடலில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதியிருப்பார்கள். மொரீசியசில் மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் பேணப்படுகின்றன. தெளகிதிரன் என்ற பெயர் வெள்ளைக்கார எழுத்தரின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்து அங்கே தேடலாம்.

காங்கேயத்தான்:

பழைய பத்திரம் ஐயாவுக்கு: குமாரன், மகன் இரண்டுமே அந்த இடத்தில் இல்லை. சாட்சிகளின் பெயர்களுக்கு முன் மட்டும் ‘குமாரன்’ என்று தெளிவாக இருக்கிறது. புள்ளி எங்குமே இல்லை. நீங்கள் குறித்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘புததிர பெளததிர பாரமபரியமாய’ என்றிருக்கிறது. ‘பெள’ என்பதும் ‘தெள’ என்பதும் ஒரே கைவீச்சில், ஒரே மாதிரி இருக்கின்றன.

கண்டிச்சீமை அண்ணா, நேட்டால் பட்டியலைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதையும் பார்ப்பதாக இருக்கிறேன்.

பழைய பத்திரம்:

அப்படியானால் நீங்கள் தேடுகிற மனிதர் எந்தப் பட்டியலிலும் கிடைக்க மாட்டார், ஐயா. அது பெயரே அன்று. ‘பெளததிர’ என்று எழுதியது ‘பௌத்திர’ ஆவதுபோல, அது ‘தௌகித்திரன்’. மகள் வயிற்றுப் பேரனுக்குப் பழைய பத்திர நடையில் அந்த வடசொல்லைத்தான் எழுதுவார்கள். மகன் புத்திரன், மகன் வயிற்றுப் பேரன் பௌத்திரன், மகள் வயிற்றுப் பேரன் தௌகித்திரன். ‘நமது தௌகித்திரன் இன்னாருக்கு’ என்றால், எழுதிக்கொடுக்கிறவரின் மகள் பெற்ற பிள்ளைக்கு என்று பொருள். ‘குமாரன்’ என்ற சொல் அங்கே விடுபட்டதன் காரணமும் இதுதான். உறவைச் சொல்லும் சொல் ஏற்கெனவே அங்கே இருப்பதால், தகப்பன் பெயரைச் சொல்லி அடையாளப்படுத்த வேண்டிய தேவை எழுதியவருக்கு எழவில்லை.

நிலக்காரர் உங்கள் பெரியவருக்கு எசமானர் அல்லர். அவர் அப்புச்சி, தாயைப் பெற்றவர்.

காங்கேயத்தான்:

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு என் தகப்பனாரிடம் போய்ச் சொன்னேன். தொண்ணூறு வயதை நெருங்குகிறார், காது மந்தம், மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும், “அப்ப அது சொந்த ரத்தத்துக்குக் கொடுத்த காடா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதன்பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஐயா, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியான சொற்கள் வரவில்லை.

ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது. தாய்வழி தெரிந்துவிட்டது, தகப்பன் யார்?

வடகொங்கன்:

ஒரு தடையைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எண்ண வேண்டாம். ஆண் வாரிசு இல்லாத நிலக்காரர் மகள் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்திருந்தால், பெரியவர் அவருடைய கூட்டத்துக்கே (குலத்துக்கே) மகனாகிவிடுவார். அப்படி ஆகியிருந்தால் பெற்ற தகப்பனின் வழி அறுந்துபோயிருக்கும், உங்கள் குடும்பமும் இன்று நிலக்காரரின் பங்காளிகளில் ஒன்றாகத்தான் இருக்கும். இதைத் தீர்க்காமல் வேறு கூட்டத்தில் தகப்பனைத் தேடப் புறப்படுவது சரியல்ல என்பது என் கருத்து.

அரச்சலூர் ஆசிரியை:

வடகொங்கன் அவர்கள் எழுப்பிய ஐயம் நியாயமானது. அதற்கு விடை எந்த அலுவலகத்திலும் இல்லை, உங்கள் ஊர்ப் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. நான் என் பாட்டி வழியைத் தேடியபோது பத்திரங்களைவிட முறைச்சொற்களே எனக்கு வழி காட்டின. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரை என்ன முறை வைத்து அழைக்கிறார்கள் என்பது, முதலில் அப்படி அழைத்தவர்கள் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் மாறாமல் வருவது நம் பக்கத்தில் வழக்கம்.

நான் கேட்பவற்றை வீட்டில் விசாரித்து எழுதுங்கள். நிலக்காரரின் பங்காளி வீடுகளில் இழவு விழுந்தால் உங்கள் வீட்டுக்குத் தீட்டு உண்டா? அந்த வீட்டாரை நீங்கள் பெரியப்பன், சித்தப்பன் என்கிறீர்களா, மாமன், மச்சான் என்கிறீர்களா? இரண்டு வீடுகளுக்கும் இடையே பெண் கொடுத்து எடுத்தது எப்போதாவது உண்டா? பெண் கொண்டிருந்தால் சுவீகாரக் கேள்வி அத்தோடு முடிந்துவிடும், ஏனென்றால் ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள். கடைசியாக, குலதெய்வம் எது? தலைப்பிள்ளைக்கு முடியிறக்குவது எந்தக் கோயிலில்?

இன்னொன்றும் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தலைமகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரை வைப்பது அந்நாளில் பெரும்பாலும் மாறாத வழக்கம். பெரியவர் தம் தலைமகனுக்கு என்ன பெயர் வைத்தார்? அந்தப் பெயர் நிலக்காரரின் வீட்டில் வேறு யாருக்கேனும் இருந்ததா?

காங்கேயத்தான்:

அம்மா, நீங்கள் கேட்டவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதுகிறேன். நிலக்காரரின் பங்காளி வீட்டில் எண்பத்தாறு வயதுள்ள ஆத்தா ஒருவர் இருக்கிறார். திண்ணையில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்து பேச்சை எடுத்தேன். அவர் கையை நிறுத்தாமலே, “உங்க வூடு எங்களுக்குப் பங்காளி இல்ல சாமி, மாமன் மச்சான் மொறை. உங்க அப்பாருகூடப் பொறந்த தங்கச்சிய எங்க வூட்டுக்குத்தானே கட்டுனாங்க” என்றார். எனக்கு அந்த அத்தையைத் தெரியும். திருமணம் நடந்ததும் தெரியும். அந்தத் திருமணத்தை ஒரு சான்றாக நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. மாமன் மச்சான் என்று கூப்பிடுவதை ஊர்முறை என்றே நினைத்திருந்தேன். அந்த வீட்டு இழவுக்கு எங்களுக்குத் தீட்டும் கிடையாது.

குலதெய்வம் என்று எங்கள் வீட்டில் உறுதியாக எதையும் சொல்வதில்லை. ஊர் அம்மன் கோயிலுக்கு எல்லாரும் போகிறோம். ஆனால் தலைப்பிள்ளைக்கு மட்டும் சின்னதாராபுரத்தைத் தாண்டி அமராவதிக் கரையில் உள்ள ஒரு கோயிலில் முடியிறக்குகிறோம். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டால், ‘பெரியவர் காட்டிய கோயில்’ என்பார்கள். அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி (குடும்பவாரியாகக் கட்டும் கோயில் வரி) போடுகிற பட்டியலில் எங்கள் குடும்பம் இல்லை, ஆகையால் அதை வேண்டுதல் கோயில் என்றே நினைத்துவிட்டோம்.

பெரியவரின் தலைமகன் பெயர் நிலக்காரர் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் இல்லை. எங்கள் ஊரிலேயே அந்தப் பெயர் அரிது. கரூர்ப் பக்கம் போனால்தான் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கிறது.

பெட்டியில் ஓர் ஓலைச் சாதகமும் இருக்கிறது. ஸ்ரீமுக வருஷம் தை மாதம் என்று தொடங்குகிறது, பெயர் இருந்த இடம் செல்லரித்துவிட்டது. பெரியவருடையது என்று ஒரு பக்கமும், 1934 தொடக்கத்தில் பிறந்து சிறு வயதிலேயே இறந்துபோன என் பெரியப்பாவுடையது என்று ஒரு பக்கமும் சொல்கிறார்கள்.

பஞ்சாங்கம்:

சாதகத்தைப் பற்றி மட்டும் நான் சொல்ல முடியும். ஸ்ரீமுக வருஷம் 1873–74இலும் வந்தது, அறுபது ஆண்டு கழித்து 1933–34இலும் வந்தது. இந்த இரண்டையும் பிரித்தறிய வியாழனையும் சனியையும் நம்பக் கூடாது, அறுபது ஆண்டில் இரண்டும் ஏறத்தாழப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். அறுபதாண்டுச் சுற்று பழையபடி வருவதற்கு அடிப்படையே அதுதான். ராகுவைப் பாருங்கள். ராகு ஒரு சுற்றுச் சுற்ற பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆவதால், அறுபது ஆண்டில் மூன்று சுற்று முடிந்து, மேலும் இரண்டு மூன்று ராசி பின்னால் போயிருக்கும். 1874 தையில் ராகு மேஷத்தில் நின்றது, 1934 தையில் மகரத்தில் நின்றது. கட்டத்தில் ‘ரா’ என்ற எழுத்து எந்த வீட்டில் இருக்கிறது?

பத்திரங்களில் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்று வந்தால் அதோடு 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1300 என்பது 1890 சூலையில் தொடங்கி 1891 சூனில் முடிந்த ஆண்டு.

காங்கேயத்தான்:

மேஷத்தில் இருக்கிறது. மேல் வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டம், ஐயம் இல்லை. அப்படியானால் இது பெரியவரின் சாதகம், அவர் 1874 தையில் பிறந்தவர், தாது வருஷம் பிறந்தபோது அவருக்கு இரண்டு வயது.

வடகொங்கன்:

என் தடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் திருமணமும் தீட்டில்லாமையும் சேர்ந்து சுவீகாரத்தை விலக்கிவிட்டன. இருப்பினும் பிறந்த மூன்றாம் ஆண்டில் தகப்பன் இல்லாமல் போனது பஞ்சத்தால்தான் என்று சொல்ல இன்னும் சான்று வேண்டும். பஞ்ச நிவாரண முகாம் பதிவுகளில் தேடலாமா?

பழைய பத்திரம்:

அங்கே பெயர்வாரியாக எதிர்பார்க்க வேண்டாம். கஞ்சித் தொட்டியிலும் மராமத்து வேலையிலும் எத்தனை தலை, எவ்வளவு தானியம் என்பதுதான் அரசுக்கு வேண்டியிருந்தது. 1877இல், பஞ்சத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய டெம்பிள் துரை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்று குறைத்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள், தின்றவன் பெயரை எழுதவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான், 1871இலும் 1881இலும் வீடு வீடாக எடுத்த படிவங்கள் மிஞ்சவில்லை, கூட்டுத்தொகைதான் மிஞ்சியிருக்கிறது.

நான் வேறு வழியாக யோசித்தேன். தகப்பன் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு, தகப்பனின் காடு எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். அமராவதிக் கரையில் அவருக்குச் சகோதரர்களோடு பொதுவில் ஒரு பங்கு இருந்தால், அவர் இறந்ததும் அது பிள்ளையைச் சேரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே இருக்கிற கொழுந்தன்மார் அந்தப் பங்கைத் தமக்கு உறுதி செய்துகொள்ளாமல் இருந்திருப்பார்களா? ஒரு தொகை கொடுத்து, மைனருக்கு ரட்சகியாக (பாதுகாவலராக) உள்ள தாயிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் பத்திரப்பதிவு 1860களிலேயே தொடங்கிவிட்டது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலத்தில் உரிமையை விட்டுக்கொடுத்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். நூறுக்கு உட்பட்டால் கட்டாயமில்லை, அப்போது நமக்கு வழியில்லை.

ஆகையால் பெரியவர் பெயரில் தேடாதீர்கள், ஆத்தாளின் பெயரில் தேடுங்கள். பெண்களை அந்நாளில் தனியாக எழுத மாட்டார்கள். ‘இன்னார் பெண்சாதி’, ‘இன்னார் பாரி’ என்று கணவன் பெயரைச் சொல்லித்தான் எழுதுவார்கள். நீங்கள் பதினோரு ஆண்டாகத் தேடுகிற பெயர் அவள் பெயருக்கு முன்னால் எழுதப்பட்டிருக்கும். கணினியில் கிடைக்கிற வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிற்பட்டது, இது கையால் புரட்டித் தேட வேண்டியது. சொத்தைப் பற்றிய பத்திரங்கள் முதலாம் புத்தகத்தில் இருக்கும். அதற்குப் பெயர் அட்டவணை தனி, சொத்து அட்டவணை தனி. முதலாம் புத்தகத்துப் பத்திரத்தின் நகலைக் கட்டணம் கட்டி யாரும் பெறலாம், வாரிசு என்று நிரூபிக்க வேண்டிய தேவையில்லை. 1877 முதல் 1885 வரை என்று ஆண்டை வரையறுத்துக் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கரூர் தாலுக்கா 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்து, அதன்பின் திருச்சிராப்பள்ளிக்குப் போயிற்று. இன்றைய மாவட்டத்தை மட்டும் நினைத்துக்கொண்டு போனால் அலைய வேண்டியிருக்கும். அந்தக் கிராமம் அந்தந்த ஆண்டில் எந்தத் துணைப்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதை மாவட்டப் பதிவாளரிடம் முதலில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

கண்டிச்சீமை:

நான் காட்டிய வழி தவறிப்போனதில் எனக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சிதான். கடல் கடந்து போனவர்களைத் தேடும்போதும் இதே தவறு நடக்கிறது என்பதால் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் பட்டியலில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கங்காணியின் பெயரைப் படித்துவிட்டு, ஆறு ஆண்டு வேறொரு குடும்பத்தைத் துரத்தினார்.

காங்கேயத்தான்:

ஐந்து மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். முதலில் போன அலுவலகத்தில் அந்த ஆண்டுப் புத்தகங்கள் பொடிந்துவிட்டன, எடுக்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பழைய பத்திரம் ஐயா சொன்னபடி மாவட்டப் பதிவாளருக்கு எழுதிக் கேட்டதில், அந்தக் கிராமம் அப்போது வேறொரு துணைப்பதிவகத்தின் கீழ் இருந்தது தெரிந்தது. அங்கே பெயர் அட்டவணையில் ஆத்தாளின் பெயர் ஏழு இடங்களில் வந்தது. நான்காவது, எங்கள் ஆத்தாள்.

1880இல் எழுதிய விடுதலைப் பத்திரம். நகலில் உள்ளதை, பெயர்களை விட்டு, அப்படியே தருகிறேன். ‘... கிராமத்திலிருந்த காலஞ்சென்ற ... பெண்சாதி ..., தனக்கும் தன் மைனர் குமாரன் ... வயது சுமார் 6க்கு ரட்சகியாயும், தன் புருஷன் தம்பி ...க்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால், என் புருஷன் சென்ற தாது வருஷத்தில் காலமாய்விட்டதினாலும், நானும் மைனரும் என் தகப்பனார் வீட்டிலேயே ஜீவித்து வருகிறபடியினாலும்...’ தொகை நூற்றைம்பது ரூபாய். மைனரின் பெயர் பெரியவரின் பெயர். காலஞ்சென்றவரின் பெயர், பெரியவர் தம் தலைமகனுக்கு வைத்த பெயர், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

சாட்சிகள் மூவர். மூன்றாவது சாட்சி நிலக்காரர். மகளின் பங்கு கைமாறும்போது தகப்பன் அருகில் நின்று கையெழுத்திட்டிருக்கிறார்.

அரச்சலூர் ஆசிரியை:

படித்துக்கொண்டே வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வயதுகூட நிரம்பியிருக்காத ஒரு பெண், பஞ்சத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, அமராவதிக் கரையிலிருந்து காங்கேயம் வரை பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறாள். பெரியவர் தலைப்பிள்ளைக்கு அந்தக் கோயிலைக் காட்டியதற்கு, அந்த வழியை அவருக்கு அவள் சொல்லி வைத்ததே காரணமாக இருக்க வேண்டும்.

பழைய பத்திரம்:

நகலில் கையெழுத்து இடத்தில் ‘கீறல்’ (எழுதத் தெரியாதவர் இடும் குறி) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் ஏறுவது படி மட்டுமே. அசல், எழுதி வாங்கியவரிடம், அதாவது தகப்பனின் தம்பி வீட்டில் இருக்க வேண்டும். மைனர் பங்கைத் தாய் விட்டுக்கொடுத்ததை, பிள்ளை மேஜரான மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்யக் கேட்டிருக்கலாம். பெரியவர் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை, ஆகையால் அந்த வீட்டார் உங்களை வழக்காடிய பங்காளியாக எண்ணுவதற்கு இடமில்லை. தயங்காமல் போய்ப் பாருங்கள். நிலத்துக்காக வரவில்லை என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

காங்கேயத்தான்:

போன ஞாயிற்றுக்கிழமை தகப்பனாரையும் அழைத்துக்கொண்டு போய் வந்தோம். கோயில் பூசாரியிடம் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார். அந்த வீட்டு மூத்தவர் முதலில் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நகலைக் காட்டி விவரம் சொன்னபின் எழுந்து வந்து தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ‘அண்ணா’ என்றார். இரண்டு பேருக்கும் முகவாய் ஒன்றுபோல இருந்ததை என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

அசல், மஞ்சள் துணியில் சுற்றி நெற்குதிருக்கு மேல் இருந்த பெட்டியில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஆத்தாளின் கீறல் இருக்கிறது. பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள். இரண்டாவது கோடு முடியும் இடத்தில் மை கொஞ்சம் அப்பிப் பரவியிருக்கிறது. அதைச் சுற்றி எழுத்தர் அவள் பெயரைச் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார். தகப்பனார் அந்த இடத்தை விரலால் தொடாமல், அருகில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கோயிலில் தலைக்கட்டுப் பட்டியலில் எங்கள் குடும்பத்தையும் எழுதிக்கொள்ளச் சொல்லி அந்த மூத்தவரே சொன்னார். இந்த ஆண்டு வரியைக் கட்டி, தகப்பனார் பெயருக்கு ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம்.